நித்திரையானவர்களோடு கதைப்பது

இந்த நாட்டில் நோயாளி ஒரு சின்னப் பெட்டியோடும் புத்தகத்தோடும் தனியாக வந்து படுக்கிறார். கட்டிலருகே கதிரை கிடக்கும். அதில் ஆள் இருக்காது. இங்கிலாந்துக்கு வந்த புதிதில், இவர்களுக்கு யாருமே இல்லையா என்று பரிதாபப்பட்டுத் திரிந்தேன். யாருமில்லாதவள் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

திருகோணமலையில் நான் தாதியாக வேலை செய்த சத்திரசிகிச்சை வார்ட்டில், கட்டிலைச் சுற்றி எப்போதும் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். "இவர் சாப்பிடுறாரில்ல மிஸ், நீங்க ஒருக்காச் சொல்லுங்களே" என்று குறிஞ்சாக்கேணி உம்மாமார் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் போய் இரண்டு வார்த்தை ஏசினால் மனுஷன் கஞ்சியைக் குடித்துவிடுவார். பாதி வைத்தியத்தை வாயால்தான் பார்த்தேன். இங்கும் வார்ட்டில்தான் நிற்பேன் என்று விமானம் ஏறும்போதே முடிவெடுத்திருந்தேன்.

புதிதாக வரும் தாதிகளை இங்கே வார்ட்டிலும் ஒப்பரேஷன் தியேட்டரிலும் மாறி மாறிப் பழக்கிவிட்டு, கடைசியில் எது வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கவிருந்த அன்று காலை ஒரு முதியவர் சாப்பாட்டைத் தொடவில்லை. ஊர்ப் பழக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியை எடுத்து நீட்டி, "நீங்கள் சாப்பிடும்வரை நான் போகமாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரிமையோடு சொன்னேன். அவர் முகம் சிவந்து மணியை அழுத்தினார். இந்தப் பெண் என்னை மிரட்டுகிறாள் என்றார். வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி என்னை வெளியே கூட்டிப்போய், "வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. தியேட்டர் உனக்குச் சுலபமாக இருக்கும்" என்றாள், அன்பாகத்தான். மறுத்துப் பேச வாயெடுத்தேன். சண்டை பிடிக்கும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. எது வேண்டும் என்று கேட்டபோது தியேட்டர் என்றே சொன்னேன். அன்று கழிவறைக்குள் நின்று அழுதேன்.

பாலையூற்றில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"தியேட்டரோ! பெரிய இடமெல்லோ. உனக்கென்னடி குறை?"

"அங்க ஒருத்தரோடையும் கதைக்க ஏலாதக்கா."

"நல்லதுதானே, கரைச்சலில்லை."

ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் பெருமையோடு சொல்லியும்விட்டாள்.

தியேட்டரில் மயக்க மருந்து ஏறும்வரை நோயாளியின் கையைப் பிடித்திருப்பேன். கண் மூடியதும் முகமூடிக்குள், "பயப்பிடாதேங்கோ ஐயா, நான் பக்கத்திலதான் நிக்கிறன்" என்பேன். ஒருநாள் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கவனித்துவிட்டு, பிரார்த்தனையா என்று மரியாதையோடு கேட்டார். விளக்கப் போனால் இதையும் நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஆமென்று தலையாட்டினேன். ஒப்பரேஷன் முடிந்ததும் நோயாளியை அடுத்த அறைக்குத் தள்ளிப் போவார்கள். அங்கே வேறொரு தாதி நிற்பாள். கண் விழித்ததும் அவளுக்கு நன்றி சொல்வார்கள். நான் அடுத்த ஆளுக்காகக் கை கழுவிக்கொண்டிருப்பேன்.