சுபேதார் எழுந்து நிற்காத பெயர்

முதல் நாள்

சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த மறு வருஷம், தர்பார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என்னைப் புதுக்கோட்டையிலேயே படைவீரர் நல ஆபீசுக்கு மாற்றிப் போட்டார்கள். பட்டாளத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தீபாவளி வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும், கூட்டல் கழித்தல் தப்பாது. அதை நம்பி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். பர்மா சண்டையில் வலது முழங்காலில் அடிபட்டவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு ஃபைலைக் கொடுத்து, சண்டையில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கச் சொன்னார். முதல் பெயரை வாசித்தேன். மனிதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து விறைப்பாக நின்றார். வெளியே கிளம்புகிறார் போல என்று நானும் எழுந்தேன்.

"நீங்க ஒக்காருங்க ரைட்டரே. நீங்களும் எந்திரிச்சா யாரு வாசிக்கிறது?" என்றார்.

பட்டாளத்தில் குமாஸ்தாவை ரைட்டர் என்றுதான் சொல்வார்களாம். ரிடையர் ஆகும்வரை எனக்கு அதுவே பெயராக நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் எழுந்தார், நின்றார், உட்கார்ந்தார். பக்கம் முடிவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. மொத்தமாக ஒருதரம் நின்றால் போதாதா என்று கேட்டேன். மொத்தமாகவா செத்தார்கள் என்று திருப்பிக் கேட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்கே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்று கணக்கு

வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரிலிருந்து நிறையப் பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். சண்டையில் மாண்டவர்களுக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல் நாட்ட வேண்டுமென்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். மேலாபீஸ் சம்மதித்து, இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்களைக் கேட்டது.

பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸ் கணக்கில் பன்னிரண்டு. தாலுகா ஆபீஸ் கணக்கில் பத்து. ஊரார் மனுவில் பதினான்கு. ஒரே ஊர், ஒரே சண்டை, மூன்று எண். எனக்கு டேலி ஆகாத கணக்கைப் பார்த்தால் சோறு இறங்காது. யாரோ ஒரு சோம்பேறி குமாஸ்தா எண்ணத் தெரியாமல் எண்ணியிருக்கிறான் என்று சுபேதாரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்துவிட்டு, "இங்கிட்டு ஒக்காந்து திட்டி என்ன ஆகப்போவுது? வாங்க, போய்ப் பாப்போம்" என்றார். மாட்டு வண்டியில் போனோம். மேட்டிலும் பள்ளத்திலும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

போய்ப் பார்த்தால், யாருக்கும் எண்ணத் தெரியாமல் இல்லை. ஒவ்வொருவரும் வேறு ஆட்களை எண்ணியிருந்தார்கள்.

ஊரார் பதினான்கு என்றதில் நான்கு பேர் பட்டாளத்து ஆட்களே இல்லை. மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள். ஜப்பான்காரன் பிடித்துப்போய் சயாம் ரயில்பாதை போட வைத்து, அங்கேயே காய்ச்சலில் மாண்டு போனார்கள். யூனிஃபார்ம் போடாதவர்களைக் கல்லில் சேர்க்க முடியாது என்று சுபேதார் முதலில் கறாராகச் சொன்னார். நால்வரில் ஒருவனுடைய அப்பன், சண்டை வந்திராவிட்டால் என் மகன் செத்திருப்பானா என்று மட்டும் கேட்டார். கல்லுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, பின்பக்கத்தில் அந்த நால்வரையும் வெட்டுவோம் என்றார் சுபேதார். அது அங்கேயே தீர்ந்தது.

மிச்சம், ரெக்கார்ட் ஆபீஸின் பன்னிரண்டும் தாலுகாவின் பத்தும். தாலுகா எண்ணைக் கொடுத்தவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. எப்படி எண்ணினீர் என்று கேட்டேன். பட்டாளத்துக்குப் போனவர்களில் யார் யார் வீட்டில் கருமாதி நடந்ததோ அவர்களை எண்ணியதாகச் சொன்னார். கருமாதி ஆகாதவனைச் செத்தவன் என்று எழுத அவருக்குக் கை வராதாம். ஆக, இரண்டு வீட்டில் கருமாதி நடக்கவில்லை. ஒருவர் அடைக்கலம், இன்னொருவர் கருப்பையா. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தபோது காணாமல் போனவர்கள். ரெக்கார்ட் ஆபீஸில் இருவர் பெயருக்கு எதிரிலும் 'மிஸ்ஸிங், பிரிஸ்யூம்டு டெட்', அதாவது காணவில்லை, இறந்ததாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

டீக்கடை

முதலில் அடைக்கலத்தின் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஏன் கருமாதி செய்யவில்லை என்று கேட்டேன். மனுஷர் தரையைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார், மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டேன்.

"உசுரோட இருக்கிறவனுக்கு எப்படிங்க கருமாதி பண்றது?" என்றார்.

ஊருக்கே தெரிந்த சங்கதி. சர்க்காருக்கு மட்டும் தெரியவில்லை. அடைக்கலம் ஜப்பான்காரனிடமிருந்து தப்பி, தோட்டத்துத் தமிழர்களோடு கலந்து, சண்டை முடிந்ததும் அவர்களோடு கப்பலேறி வந்துவிட்டார். பட்டாளத்தில் போய் ஆஜரானால் ஓடிப்போனவன் என்று பிடித்துப்போடுவார்கள் என்று பயந்து, ஆவுடையார்கோவிலில் டீக்கடை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தார்.

மறுநாளே அங்கே போனோம். சுபேதார் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். அவர் உட்கார்ந்த தோரணையிலேயே அடைக்கலத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒம்ம பேருக்கு நான் எத்தனை தடவை எந்திரிச்சு நின்னிருக்கேன் தெரியுமாய்யா? இந்த முட்டியோட!" என்றார் சுபேதார். "டீயையாவது நல்லாப் போடும்."

அடைக்கலம் அழுதுவிட்டார். வெள்ளைக்காரனே கப்பலேறிவிட்டான், உன்னை இனி யார் பிடிக்கப்போகிறார்கள் என்று அவரைத் தேற்றி, அவர் உயிரோடு இருப்பதை வில்லங்கம் வராதபடி எழுதி அனுப்பினோம். டீ நிஜமாகவே நன்றாக இருந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். கருப்பையாவைப் பற்றியும் விசாரித்தோம். பட்டாளத்தில் இருவரும் ஒரே கம்பெனியாம். சிங்கப்பூர் விழுந்த அன்று சிதறி ஓடியபோது ஒரு தோட்டத்துப் பக்கம் கருப்பையா ஓடியதைப் பார்த்ததாகவும், அப்புறம் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

ஆக, பன்னிரண்டு பதினொன்றாயிற்று. தாலுகாவின் பத்துக்கும் இதற்கும் நடுவில் நின்றது கருப்பையா ஒருவர்தான்.

மூக்காயி

கருப்பையாவின் மனைவி மூக்காயி. அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கப்பலேறும்போது வயிற்றில் இருந்த பெண் குழந்தை, நாங்கள் போன அன்று வாசலில் சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தது. மூக்காயி நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் போன இடம் தெரியாமல் போனால் பன்னிரண்டு வருஷம் பார்ப்பார்கள். அதற்குள் வரவில்லை என்றால் தர்ப்பையில் உருவம் செய்து, எரித்து, கருமாதி முடித்து, பெண்ணின் தாலியை இறக்கிவிடுவார்கள். கல்லில் பெயர் ஏறிவிட்டால் பன்னிரண்டு வருஷம்வரை யாரும் காத்திருக்கப்போவதில்லை. சர்க்காரே சொல்லிவிட்டது என்று பங்காளிகள் மறுநாளே தர்ப்பையோடு வந்து நிற்பார்கள். அவள் பயமெல்லாம் அதுதான்.

ரெக்கார்ட் ஆபீஸ் காகிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆபீஸ்தானேய்யா அடைக்கலத்தண்ணனையும் செத்துட்டாருன்னு எழுதுச்சு? அவுக டீ ஆத்திக்கிட்டு இருக்காக. எங்க வீட்டு ஆளு மட்டும் நெசமாவே செத்துட்டாருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃபைலைப் புரட்டினேன், சும்மாதான். அவளும் விடவில்லை.

"எம்மவ அப்பன் மொகத்தைப் பாத்ததில்லை. அவ கலியாணத்துக்காவது நான் பொட்டோட, முன்னால நிக்கணும். அவரை எண்ணிக்கையில சேத்துராதீங்க."

திரும்பும் வழியில் வண்டியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று பத்து என்று எழுத வேண்டும், இல்லை பதினொன்று என்று எழுத வேண்டும், நடுவில் ஒரு எண் கிடையாது என்றேன். சுபேதார் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் செத்தவனுக்குத்தான் எந்திரிப்பேன் ரைட்டரே. லிஸ்ட்டைப் பாத்து இதுவரைக்கும் அவனுக்கும் எந்திரிச்சேன், இனி மாட்டேன். அந்தப் புள்ள அவனை இன்னும் சாகவிடலையே."

நிலுவை ஒன்று

இறந்தவர் பத்து, விசாரணையில் நிலுவை ஒன்று என்று எழுதி அனுப்பினோம். இறந்தவர் எண்ணிக்கையில் நிலுவை என்று ஒரு இனம் கிடையாது, திட்டவட்டமான எண்ணைத் தெரிவிக்கவும் என்று மேலாபீஸிலிருந்து பதில் வந்தது. மறுபடியும் அதையே எழுதினோம். ரிமைண்டர் வந்தது. அதற்கும் அதே பதில்தான். வருஷத்துக்கு வருஷம் தைப்பொங்கல் மாதிரி இது நடந்துவந்தது. அதிகாரிகள் மாறினார்கள், தாளின் நிறம் மாறியது, எங்கள் பதில் மாறவில்லை. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகப்போக, அந்தப் பதிலை எழுதும் நாளில் மட்டும் நல்ல பேனாவை எடுக்க ஆரம்பித்தேன்.

கல் நாட்டிய அன்று கல்தச்சர் சுபேதாரிடம் வந்தார். பத்துப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறதே, ஒரு பூவாவது வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெயர்களை நான் வாசித்தேன். சுபேதார் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து நின்றார். பின்பக்கத்து நால்வருக்கும் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு மூக்காயி நின்றாள். நான் கடைசிப் பெயரை வாசித்துத் தாளை மடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பன்னிரண்டு வருஷக் கெடுவும் வந்தது. பங்காளிகள் போய்க் கேட்டிருக்கிறார்கள். சர்க்காரே விசாரணை என்கிறது, உங்களுக்கென்ன அவசரம் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாளாம். எங்கள் நிலுவை அவளுக்கு ஒத்தாசையாக இருந்ததைக் கேட்டுச் சுபேதார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நேரான கணக்கு

சுபேதார் வேலையை விட்டுத் திருக்கோகர்ணத்தில் மகன் வீட்டில் இருந்தார். ஆபீஸில் அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்துவிட்டார். நான் ஹெட்கிளார்க் ஆகியிருந்தேன். அறுபதுகளின் ஆரம்பம். ஒரு நாள் காலையில் மூக்காயி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது. மகளுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது என்றாள். அவளே முன்னால் நின்று, ஆரத்தி எடுத்து, மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். சந்தோஷம் என்றேன். அவள் உட்காரவில்லை. சுபேதார் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சுபேதார் சாய்வு நாற்காலியில் இருந்தார். இரண்டு ஆள் தூக்கினால்தான் அவர் எழுந்திருக்க முடியும் என்ற நிலைமை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா தாயி என்றார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கல்யாணச் சேதியெல்லாம் சொன்னாள். பிறகு கழுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இனி வரமாட்டாருங்கய்யா. எனக்கு எப்பவோ தெரியும். மகளுக்காகப் புடிச்சு வச்சிருந்தேன். அவ போயிட்டா. இதுக்கு மேலயும் வச்சிருந்தா அவருக்குப் பாவம். நாளைக்குக் கருமாதி." என்னைப் பார்த்தாள். "நீங்க அவரு பேரை வாசிங்க. நான் சொல்லக்கூடாது."

எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். என் கையில் தாள் இல்லை. தேவையும் இல்லை, அத்தனை வருஷம் எழுதிய பெயர். சிப்பாய் கருப்பையா என்றேன்.

சுபேதார் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்தார். தாங்கிப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எப்படித்தான் எழுந்தாரோ, எழுந்துவிட்டார். கை இரண்டும் பக்கவாட்டில், மார்பு நிமிர்ந்து, பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மூக்காயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? கடைசியில் அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"போதுங்கய்யா. ஒக்காருங்க. காலு வலிக்கும்."

அந்த வாரமே கல்தச்சரை அனுப்பி காலி வரியில் பெயரை வெட்டச் செய்தோம். இறந்தவர் பதினொன்று, நிலுவை ஏதுமில்லை என்று மேலாபீசுக்கு எழுதினேன். இவ்வளவு சிறிய விவரத்துக்கு ஏன் இத்தனை வருஷம் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இப்போதுதான் கிடைத்தது என்று பதில் எழுதினேன். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கணக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு எண் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று தப்பு என்று உடனே அடித்துவிடாதீர்கள். எண்ணியவர் யாரை எண்ணினார், யாரை விட்டார், ஏன் விட்டார் என்று போய்க் கேளுங்கள். சிலதை நேராக்க ஒரு நாள் போதும். சிலதற்கு ஒரு பெண் குழந்தை வளர்ந்து கல்யாணமாகிப் போகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரை நிலுவை என்று எழுதுங்கள், மெமோ வந்தால் வரட்டும்.