விடிவதற்குள் வீடு திரும்ப வேண்டும்

எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, தாம்பரம் ரயில் நிலையப் படிகளில் இறங்கும்போது முன்னால் போனவர் முதுகில் விழுந்தேன். "குடிச்சிட்டு வர்ற வயசா சார் இது?" என்றார். மறுக்கவில்லை. கண் தெரியவில்லை என்பதைவிடக் குடிகாரன் என்ற பெயர் மேலாகத் தோன்றியது.

கண் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா (விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் மெல்ல அழியும் நோய்). முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கங்கள் மறையும். கடைசியில் நடுவும் போகும். மருந்து இல்லை என்பதை மட்டும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அரசு அலுவலகத்தில் பிறருடைய மருத்துவ ஓய்வுக் கோப்புகளைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவன் நான். நானே ஓய்வு கேட்டபோது என் கோப்பில் ஒரு குறைகூட இல்லை. மருத்துவக் குழுச் சான்று, ரயில் சலுகை, எல்லாம் முறைப்படி. அரசாங்கக் காகிதத்தில் பார்வையற்றவன். எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் பார்வையுள்ளவன். வெள்ளைக் கைத்தடி பீரோவில் இருந்தது.

என் மனைவி ஸ்டெல்லா பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான் கல்லூரியில் நெடுந்தூரம் ஓடியவன் என்பதை மறக்காதவள். பார்வையற்றோருக்கான ஓட்டப் போட்டி ஒன்றுக்கு என்னைக் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். வழிகாட்டி அவள்தான். இருவர் மணிக்கட்டையும் ஒரு முழக் கயிறு இணைக்கும்.

பயிற்சிக்கு ஒரே நிபந்தனை வைத்தேன்: விடிவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கயிற்றை யாரும் பார்த்துவிடக் கூடாது. "பள்ளம்", "மேடு" என்று உரக்கச் சொல்லவும் தடை.

இருட்டில் எதுவும் தெரியாதவன், ஒளிய இருட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

திருநீர்மலைச் சாலையில் தொலைபேசிக்காரர்கள் தோண்டிய குழியில் இருவரும் விழுந்தோம். சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும் என்ற விதியை நான் குழிக்குள் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன்.  பிறகுதான் ஸ்டெல்லாவின் அழுகை கேட்டது.

அவளுடைய இடது முழங்கால் சவ்வு (எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர் இளைஞர்.

"அந்த இருட்டுல ஏன் சார் ஓடினீங்க?"

"எனக்கு வெளிச்சத்தால் பயன் இல்லை, டாக்டர்."

"உங்களுக்கு வேணாம் சார். அவங்களுக்கு வேணுமே?"

எல்லா விதியும் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

போட்டி எங்களை விட்டுவிட்டு நடந்து முடிந்தது. கட்டுப் பிரித்துப் பல மாதம் கழித்து அவள் கயிற்றை என் கையில் வைத்தாள். "வெளிச்சத்துலதான் வருவேன். இல்லன்னா நீங்களே போய்க்கோங்க."

போனேன். முதல் நாளே பால் வண்டிக்கார அம்மாள் கத்தினார்: "இன்னா டீச்சரம்மா, சாரை கட்டி இஸ்துகினு போற?"

"அவுத்து விட்டா ஓடிடுவாரும்மா!"

தெரு சிரித்தது. எனக்குக் காதுவரை சுட்டது.

உங்களுக்கும் இந்த நோய் வந்திருந்தால் ஒன்று சொல்வேன்: வெட்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதையும் கூட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இப்போது நடுப்பார்வையும் போய்விட்டது. விடிந்ததா என்று நான் கேட்பதில்லை. அந்த அம்மாளின் குரல் கேட்டால் விடிந்திருக்கிறது. ஸ்டெல்லாவின் இடது காலில் ஓர் இழுப்பு தங்கிவிட்டது. அடிக்கு அடி கயிறு வழியாக அது என் மணிக்கட்டுக்கு வருகிறது. என் கால்களில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தனியாகக் கூடத்தில் நடக்கும்போதுகூட, நான் இடது காலை இழுத்துத்தான் வைக்கிறேன்.