யாரும் திட்டாத ஏட்டய்யா

ஸ்ரீசிட்டியில் எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் சாயங்கால டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது தங்கையின் ஃபோன் வந்தது. "அண்ணா, ஏட்டய்யா போயிட்டாரு. மத்தியானம் துன்னுட்டுப் படுத்தவரு எழுந்திருக்கவே இல்ல" என்றாள். எந்த ஏட்டய்யா என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பிறகு எங்கள் ஸ்டேஷனுக்கு நான்கு ஏட்டுகள் வந்து போய்விட்டார்கள். ஆனாலும் புத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏட்டய்யா என்றால் வெங்கடமுனி ஒருவர்தான். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்கள் ஊரிலோ பாதிக்குமேல் தமிழ்க் குடும்பங்கள். எங்களோடு பேசிப் பேசி அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கோபம் வந்தால் தமிழில் பேசுவார், பிரியம் வந்தால் தெலுங்கில். அதனால் "ஏம்ரா பாபு" என்று ஆரம்பித்தால் நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வோம். "இன்னாடா நினைச்சிக்கினு கீறே" என்று ஆரம்பித்தால் செருப்பைத் தேடுவோம். பேச்சு இப்படி இரண்டு மொழியிலும் நடந்தாலும் ஸ்டேஷனில் எழுதுவதெல்லாம் தெலுங்கில்தான். தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு அந்த எழுத்து இன்றுவரை ஜிலேபிதான்.

அவர் கேஸ் நடத்தும் அழகுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கும் நிலத்தின் எல்லையில் நின்ற பலாமரத்தால் சண்டை. மரம் யாருடையது என்பதைவிட, அந்த வருஷம் காய்த்த ஒரே பெரிய பழம் யாருடையது என்பதுதான் வழக்கு. இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டய்யா அதைச் சாட்சி என்று சொல்லி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஸ்டேஷன் முழுக்க வாசனை. கைதாகி உட்கார்ந்திருந்த சாராயக்காரன்கூட எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டானாம். ஏட்டய்யா இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். "சாட்சி பழுத்துடுச்சிரா. இனிமே தாங்காது" என்றார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே அறுத்தார். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சுளை எடுத்துத் தின்றுவிட்டு ஒரே சைக்கிளில் வீடு திரும்பினார்கள். சாராயக்காரனுக்கும் நான்கு சுளை கிடைத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஊரே பார்த்ததால் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

எனக்கு ஸ்ரீசிட்டியில் வேலை உறுதியாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் சம்பள வேலைக்குப் போகும் முதல் ஆள் நான். இரண்டு வருஷம் மழை ஏமாற்றி, மாந்தோப்பில் மரங்கள் காய்ந்து நின்ற காலம் அது. நைனா, அதாவது என் அப்பா, என் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. என் பேரில் எந்தக் கேசும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து வெரிஃபிகேஷன் தாள் வரவேண்டும். தாள் ஏட்டய்யாவின் மேஜைமேல் இருந்தது. ஊர்த் திருவிழாவான கங்கை ஜாத்திரை முடிந்து நான்காம் நாள் அதோடு நான் வேலையில் சேரவேண்டும்.

இங்கேதான் அம்மா புகுந்தாள். வேலை கிடைத்தால் பிள்ளை பண்ட வேஷம் போடுவான் என்று கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும்: எங்கள் பக்கத்துக் கங்கை ஜாத்திரையில் ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம். பண்ட வேஷத்து நாளில் உடம்பெல்லாம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு, எதிரே வருபவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும். எவ்வளவு மோசமாகத் திட்டுகிறோமோ அவ்வளவு புண்ணியம். யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது, கும்பிட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். எனக்கு இயல்பிலேயே வாய் கொஞ்சம் நீளம். சாமியே அனுமதி கொடுத்தால் விடுவேனா?

காலையில் கோயிலிலிருந்து கிளம்பினேன். முதலில் எதிரே வந்தவர் ஒரு போலீஸ்காரர். விறைப்பான புதுக் காக்கி, பளபளக்கும் பெல்ட், முறுக்கு மீசை. ஜாத்திரையில் எங்கள் ஆட்கள் ராஜா வேஷம், பெண் வேஷம், போலீஸ் வேஷம் என்று என்னென்னவோ போடுவார்கள். உண்மையான போலீசின் காக்கி இவ்வளவு புதிதாக இருந்து நான் பார்த்ததே கிடையாது. ஆகவே வேஷக்காரர் என்றே முடிவுகட்டிவிட்டேன். தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாக அவருடைய ஏழு தலைமுறையையும் தொட்டு வந்தேன். சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, வீட்டில் பெண்பிள்ளைகள் படிப்பார்கள். கடைசியாக, "மீசையை இன்னா இப்படிக் கோணலா ஒட்டிக்கினு வந்துகீறே?" என்று சொல்லி அதைப் பிடித்து இழுத்தேன்.

மீசை வரவில்லை. அவர் முகம்தான் கூடவே வந்தது.

அவர் முந்தின நாள்தான் பொறுப்பேற்ற புது எஸ்.ஐ. கடற்கரை ஜில்லாக்காரர். கங்கை ஜாத்திரை என்றால் தேர் இழுப்பார்கள், பொங்கல் வைப்பார்கள் என்று மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் நான் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவப்பு, வேர்வையோடு குங்குமம் சொட்டிப் பெஞ்சே மங்கலகரமாக இருந்தது. எஸ்.ஐ. மீசையைத் தடவிக்கொண்டே ரைட்டரிடம் சொன்னார்: டியூட்டியில் இருந்த அதிகாரியை அவமதித்தது, கை வைத்தது, எல்லாவற்றையும் போடு. எதிர் மேஜையில் என் வெரிஃபிகேஷன் தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் பேப்பர்வெயிட்டாக ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. என் வேலை, நைனாவின் இஸ்திரி போட்ட சட்டை, காய்ந்த மாந்தோப்பு எல்லாம் என் வாயாலேயே போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது. வேஷத்தோடு அழக்கூடாது என்பது சம்பிரதாயம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஏட்டய்யா பந்தோபஸ்திலிருந்து வந்தார். கையில் பாதி குடித்த இளநீர். என்னைப் பார்த்தார், எஸ்.ஐ.யைப் பார்த்தார், ரைட்டரின் பேனாவைப் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார், பூட்ஸைக் கழற்றினார், என் முன்னால் வந்து கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், எஸ்.ஐ. பார்த்துக்கொண்டிருக்க, என்னைக் கும்பிட்டார். ரைட்டரும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார். லாக்கப்பில் இருந்தவனும் கும்பிட்டான்.

"என்ன நடக்குது இங்கே?" என்று எஸ்.ஐ. தெலுங்கில் கத்தினார்.

"சார், கோயில்லேர்ந்து கிளம்பின வேஷம் முதல்ல யாரைத் திட்டுச்சு?" என்று ஏட்டய்யா கேட்டார்.

"என்னைத்தான்."

ஏட்டய்யா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார். "அதிர்ஷ்டம் சார்! முதல் திட்டு லேசில் யாருக்கும் கிடைக்காது. போன எஸ்.ஐ. சாருக்கு விழுந்தது. வருஷம் திரும்பறதுக்குள்ளே சி.ஐ. ப்ரமோஷன் ஆர்டர் வந்துடுச்சு."

எஸ்.ஐ. கை மீசையை விட்டு இறங்கியது. பிறகு போலீஸ் மூளை வேலை செய்தது. "நீ இந்த ஊரில் பதினைந்து வருஷமாக இருக்கிறாயாமே. அப்படியானால் நீ ஏன் இன்னும் ஏட்டாகவே இருக்கிறாய்?"

ஏட்டய்யா கொஞ்சமும் அசரவில்லை. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டார். "அதுதான் சார் என் தலையெழுத்து. ஒவ்வொரு ஜாத்திரைக்கும் போய் எதிர்லே நிக்கறேன். என்னைத் திட்ட இந்த ஊர்லே எவனுக்கும் வாய் வரமாட்டேங்குது."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏட்டய்யாவிடம் கேட்டார், "இவன் பாதியைத் தமிழில் திட்டினான். எனக்குப் புரியவில்லை. அது சேருமா?"

"கங்கம்மாவுக்கு ரெண்டு பாஷையும் தெரியும் சார்."

எஸ்.ஐ. எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். வாசலுக்கு வந்ததும் ஏட்டய்யா என் காதருகே சொன்னது சுத்தமான தமிழ், அதாவது கோபம்: "ஓடுடா எரும, திரும்பிப் பாக்காம ஓடு." ஓடினேன். ஊர் எல்லையில் கங்கம்மா கோயில் முன்னால் உட்கார்ந்து, சம்பிரதாயத்தை மீறி, குங்குமம் கரைய அழுதேன். அவ்வளவு நிம்மதியாக அதற்குமுன் அழுததில்லை. நான்காம் நாள் ஏட்டய்யா கொடுத்தனுப்பிய ஒட்டிய கவரோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஜாத்திரைக்கு அந்த எஸ்.ஐ. விடிந்ததுமே கோயில் வாசலில் வந்து நின்றுவிட்டார். முதல் திட்டு அவருக்கே விழுந்தது. சில மாதத்தில் பதவி உயர்வோடு கர்நூல் பக்கம் போய்விட்டார். அதைப் பார்த்துக் கான்ஸ்டபிள்கள் எல்லோரும் ஜாத்திரை டியூட்டிக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஏட்டய்யா அடித்துவிட்டது அப்பட்டமான புளுகு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் எனக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. யாரும் வேண்டிக்கொள்ளாமலேயே அதற்கடுத்த ஜாத்திரைக்கு லீவு போட்டு வந்து மறுபடி பண்ட வேஷம் கட்டினேன். நேராக ஏட்டய்யா முன்னால் போய் நின்றேன்.

"திட்டுரா பாபு," என்றார். "ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான் இருக்குது. நல்லாத் திட்டு."

வாயைத் திறந்தேன். மூடினேன். ஊரே காத்திருந்தது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "துன்னீங்களா ஏட்டய்யா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து ஏட்டாகவே ஓய்வு பெற்றார். அதில் என் குற்றமும் கொஞ்சம் இருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன்.

போன மாதம் எனக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள். ஆபீஸில் என் பழைய கோப்பைப் புரட்டும்போது அந்த வெரிஃபிகேஷன் தாள் கிடைத்தது. ஓரத்தில் ஒரு குங்குமக் கட்டைவிரல் தடம். தேதி, அதே ஜாத்திரை நாள். நான் ஓடிய பிறகு அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அங்கே இருந்த தெலுங்குப் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். "இவர் மீது வழக்கு எதுவும் இல்லை. அமைதியானவர். இவர் தகாத சொல் பேசி இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை" என்று படித்துவிட்டு, அவள் என்னை மரியாதையாகப் பார்த்தாள். கூடவே வேலை செய்து என் வாயை அறிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புத்தூருக்குப் போய் அவர் வீட்டில் இறங்கினேன். இளைத்திருந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளின் நகலைக் காட்டி, "பொய் எழுதிட்டீங்களே ஏட்டய்யா" என்றேன்.

"பொய் எங்கேரா? நீ திட்டினது பேச்சு இல்லியே, பூஜைதானே. பூஜையைக் கேசுலே எழுதுவாங்களா?" என்றார். கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, "அன்னிக்கு எனக்கும் பயம்தான்டா. அந்தச் சாரு நம்பலேன்னா உன் வேலை மட்டுமா, என் வேலையும்தான் போயிருக்கும்" என்றார். இத்தனை வருஷமாக இதை நான் யோசித்ததே இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்ததெல்லாம் இந்த மனிதர் துணிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்து. நன்றி என்று சொன்னால் இருவருக்கும் சங்கடம். என்ன சொல்வது?

அப்போதுதான் வாய் வந்தது. எழுந்து நின்றேன். அவருடைய பூட்ஸில் ஆரம்பித்து, புளுகு, பலாப்பழம், கீரை ஆயும் லட்சணம் வரை, இரண்டு மொழியிலும், மூச்சு விடாமல் திட்டினேன். உள்ளேயிருந்து அவர் மனைவி கரண்டியோடு ஓடிவந்தார். ஏட்டய்யா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "வாங்கிக்கினேன்டி, நானும் வாங்கிக்கினேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

பதினொரு நாள் கழித்துத் தங்கையின் ஃபோன் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள்தான். மெஷின் மக்கர் பண்ணும்போதும், ஆட்கள் தாமதமாக வரும்போதும் நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொள்கிறேன். ஒரு மனிதர் தன் வேலையைப் பணயம் வைத்து என்னை அமைதியானவன் என்று எழுதியிருக்கிறார். அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போய்விட்டோமே என்று அழுதார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. நல்லவேளை, நான் திட்டிவிட்டு வந்தேன்.