ஆள் வராத ஆட்டம்

பத்து வயதில் நான் ஒரு பூகோள வாத்தியாரைச் சதுரங்கத்தில் தோற்கடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் யாரையும் தோற்கடித்ததாக நினைவில்லை. அதனால் அந்த ஒரு வெற்றியைப் பல வருடங்கள் பத்திரமாக வைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகுகூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதுண்டு.

போட்டியை நடத்தியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. வங்கியில் வேலை. முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. வங்காளிகள் நடுவே நாங்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸில், எங்கள் தெருமுனையில் பூஜா கமிட்டிக்காரர்களின் கிளப் அறை ஒன்று இருந்தது. துர்கா பூஜை முடிந்துவிட்டால் அங்கே ஒரு கேரம் போர்டும், அடுக்கி வைத்த மூங்கில்களின் ஈர வாசனையும்தான் மிஞ்சும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று அத்தை அந்த அறையைக் கேட்டு வாங்கி, தரையைத் தானே பெருக்கி, நாலு மேஜைகளில் ரெக்ஸின் பலகைகளை விரித்துவிடுவாள். ஒன்பது மணிக்கு முதல் சுற்று. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். சாயங்காலம் ஒரு சின்னக் கோப்பை.

வழக்கமாக வருகிறவர்கள் ஏழு பேர். ஏழு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். அது அத்தைக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வருகிறவரை எப்படிச் சும்மா உட்காரவைப்பது என்பாள். ஆகவே எட்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டாள். ஏழு பேரிடமும் ஒழுங்காகத் தோற்பது என் வேலை.

பூகோள வாத்தியார் டாலிகஞ்சிலிருந்து வருவார். எல்லோரும் அவரை மாஸ்டர்மொஷாய் என்பார்கள், நான் மட்டும் காக்கு, அதாவது சித்தப்பா என்பேன். அத்தையை எல்லோரும் ‘தீதி’, அக்கா, என்று அழைத்தார்கள். வயதில் மூத்த ஹோமியோபதி டாக்டர்கூட அப்படித்தான். வாத்தியார் ஒருவர்தான் கடைசிவரை ‘தீதி’ என்று சொன்னதில்லை. போட்டி நடுவர் என்பதால் ‘ஆர்பிட்டர் மேடம்’ என்பார். ரொம்ப மரியாதைக்காரர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் திருச்சி. ஜாதகம் பொருந்தியது, வங்கியில் மாற்றலும் கிடைத்தது. அத்தையையும் கேட்டார்கள். ‘சரி’ என்றாள். வேறு ஏதாவது மனதில் உண்டா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. எழ வேண்டுமென்றால் யாராவது எதையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய இருவருமே வாயைத் திறக்கிற ஜாதி இல்லை.

ஆக, அந்தக் கடைசி ஞாயிறு, அத்தை நடத்தும் கடைசிப் போட்டி. ஆறு சுற்று முடிந்தபோது வாத்தியார் ஆறையும் ஜெயித்திருந்தார். அவருக்கு அடுத்தபடியாக ஐந்து ஜெயித்திருந்தவன் ஒரு என்ஜினியரிங் மாணவன். கடைசிச் சுற்றில் வாத்தியாருக்கு எதிராளி நான். கோப்பையை அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால்கூடத் தப்பில்லை என்கிற நிலை.

பதினைந்து காய் நகர்த்தியிருப்போம். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு தன் ராணியை எடுத்து என் மந்திரியின் வழியிலேயே வைத்தார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு ராணியை வெட்டினேன். அவர் அதற்குமேல் ஆடவில்லை, சிரித்தபடி எனக்குக் கை கொடுத்தார்.

அத்தை மேஜைக்கு வந்தாள். பலகையை வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன ஆச்சு?” என்று வங்காள மொழியில் கேட்டாள்.

“குழம்பிட்டேன் மேடம். நாங்க ராணியை மந்திரின்னு சொல்றோம். உங்க பாஷையில வேற எதையோ மந்திரிங்கறீங்க. எது எதுன்னு தெரியாமப் போயிடுச்சு.”

“ரெண்டு வருஷமா குழம்பலையே?”

“இன்னிக்குத்தான் குழம்பிச்சு” என்றார்.

அந்த மாணவன் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டான். இருவருக்கும் ஆறு ஆறு. சமமாக வந்தால் அடுத்த ஞாயிறு தனியாக ஓர் ஆட்டம், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது அத்தை வகுத்த விதி. அதைக் கரும்பலகையில் எழுதியபோது அவள் கையெழுத்து கோணியிருந்தது. ஓர் ஆட்டத்தைத் தோற்றால் இன்னொரு ஞாயிறு கிடைக்கும் என்று ஒருவர் கணக்குப் போட முடியும் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? நான் வீட்டுக்கு ஓடிப்போய் வெற்றியை அறிவித்தேன். அப்பா சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார்.

அத்தை புதன்கிழமை ரயில் ஏற வேண்டியவள். அதற்கு முந்தின ஞாயிறு காலை தொலைபேசி மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்த மாணவன் பேசினான்.

“தீதிகிட்ட சொல்லிடு. எனக்கு நல்ல ஜுரம், வர முடியாது. கோப்பையை மாஸ்டர்மொஷாய்க்கே கொடுத்துடச் சொல்லு.”

அத்தை தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்படியே ஒப்பித்தேன்.

“சரி” என்றாள். பின்னி முடித்தாள். பிறகு பீரோவைத் திறந்து, வங்கிக்குக்கூடக் கட்டாத ஒரு பச்சைப் புடவையை எடுத்தாள்.

“அத்தே, அவன்தான் வரலையே?”

“போன்ல சொன்னா கணக்கில்லைடி. அவன் கடிகாரம் ஒரு மணி நேரமும் ஓடி முடியணும். ரூல்.”

அம்மா துணைக்கு என்னையும் அனுப்பினாள்.

கிளப் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். வாத்தியார் கஞ்சி போட்ட வெள்ளை பஞ்சாபி ஜிப்பா அணிந்து வந்திருந்தார். அத்தை காய்களை அடுக்கி, ஆளுக்கொரு முகம் உள்ள ஆட்டக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தாள். மாணவனுக்கு வெள்ளை, ஆகையால் அவன் கடிகாரம்தான் ஓட வேண்டும். அத்தை பொத்தானை அழுத்தினாள். வாத்தியார் காலி நாற்காலியின் எதிரே உட்கார்ந்தார், அத்தை பக்கவாட்டில். மாணவன் வர மாட்டான் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லப்போனேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் ஜன்னல் விளிம்பில் ஏறிக்கொண்டேன்.

டிக் டிக்கென்று ஒரு பக்கம் மட்டும் ஓடியது. கால் மணி நேரம் கழிந்தது.

“திருச்சியில காவேரி இருக்கில்லையா?” என்று கேட்டார் வாத்தியார்.

“இருக்கு. கோடையில வெறும் மணல்தான்.”

“மணல் என்ன நிறம்?”

ஒரு பூகோள வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தை யோசித்தாள்.

“சின்ன வயசுல பார்த்தது. ஞாபகம் இல்ல.”

“பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் காவேரியை வரையக் கத்துக்கொடுக்கறேன். பார்த்ததில்லை. தூரம்.”

“ரெண்டு ராத்திரி ரயில்” என்றாள் அத்தை.

“ஆமாம், ரெண்டே ராத்திரிதான்.”

அவ்வளவுதான் பேச்சு. மீதி நேரமெல்லாம் இருவரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ரயில்வே கேட் மூடித் திறந்தது. எனக்குப் பசித்தது. இந்தப் பெரியவர்கள் விதி விதி என்று இப்படிச் சலிக்க வைக்கிறார்களே என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை இப்போதும் திருச்சியில்தான் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் சதுரங்கம் ஆடுவதில்லை. வாத்தியாரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கிளப் அறை உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. அங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு அலறுகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், யாரும் யாரோடும் ஆடாத அந்த ஓர் ஆட்டத்துக்குள் மறுபடி போய், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோமா என்று இருக்கும்.

அந்தப் பழைய கடிகாரங்களில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கொடி இருக்கும். நேரம் நெருங்கும்போது முள் அதை மெல்லத் தூக்கும், முடிந்ததும் விட்டுவிடும். அன்றும் முள் தூக்கியது. நான் ஜன்னலிலிருந்து குதித்து மேஜையருகே போனேன். கொடி விழுந்தது. இருவரும் அசையவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று.

“கொடி விழுந்துடுத்து!” என்று கத்தினேன்.

அத்தை நிமிர்ந்தாள். “வேடிக்கை பாக்கறவா சொல்லப்படாதுடி” என்றாள், மிகவும் மெதுவாக.

வாத்தியார் எழுந்துகொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு விதியை மீறிவிட்டோம் என்பது மட்டும்தான் புரிந்தது. ஒரு மணி நேரமாக அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் அது விழுந்தது எப்படித் தெரியாமல் போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.