செல்லக்கனி அக்காவுக்கு இப்ப எல்லாரும் சொந்தம்

செல்லக்கனி அக்கா போயிட்டாங்க. நேத்து காலையில... ஹார்ட் அட்டாக். ராஜபாளையத்துல தம்பி வீட்டு மாடி ரூம்ல. முட்டி தேஞ்சு நடக்க முடியாத மனுஷிக்கு மாடி ரூம்.

துட்டி வீட்டுக்குப் போய் துக்கம் கேட்டுட்டு இப்பதான் வந்தேன்.

வாசல்ல ஆளுயர பிளெக்ஸ். "சாதனைப் பெண்மணி"யாம். சேரைப் போட்டு உக்காந்துகிட்டு தம்பிக்காரர் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றார்: "அக்காவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

எப்படித்தான் வாய் வருதோ...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எண்பதுகள்ல நானும் அக்காவும் ராஜபாளையத்துல ஒரு பேண்டேஜ் கம்பெனி. பேக்கிங்ல ஒரே டேபிள். எனக்கு இருபது வயசு. அவங்க முப்பத்தஞ்சைத் தாண்டியிருந்தாங்க, கல்யாணம் ஆகல.

கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி அக்கா டைப்ரைட்டிங் போய் ஃபெயில். தையல் பாதியில நின்னுச்சு. பேக்கிங்லயும் கை ஓடாது. சூப்பர்வைசர் கூப்பிடுறதே "ஏட்டி மண்ணு"ன்னுதான். வீட்டுலயும் அதே பேரு.

ஒரு நாள் சாப்பிடுறப்ப கேட்டேன், "கஷ்டமா இல்லையாக்கா?"

"எனக்கு என்ன வரும்னு எனக்கே தெரியலட்டி. அவிய சொல்றது சரியாக்கூட இருக்கலாம்ல"ன்னாங்க. சோத்தை உருட்டிக்கிட்டே...

தளவாய்புரத்துல இருந்து எங்களை ஏத்திட்டு வர்ற கம்பெனி வேனுக்கு தேவசகாயம் அண்ணன் டிரைவர். அக்கா எப்பவும் முன் சீட்டு. கியர் மாத்துறதையே பாத்துட்டு வருவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு வந்த அண்ணன் எங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போய் அய்யனார் கோவில் ரோட்டுல வேனை நிறுத்திட்டு, அக்காகிட்ட "நீ உக்காரு தாயி, பாப்போம்"ன்னார். நான் பின்னாடி சீட்டுல பயந்துபோய் இருந்தேன்.

ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. அப்புறம் போச்சு பாருங்க... மாந்தோப்பு ஓரமா, ஒரு குலுக்கல் இல்லாம. கண்ணாடியில அக்கா முகம் தெரிஞ்சுது. அப்படி ஒரு முகம் அவங்களுக்கு இருக்குன்னே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"இம்புட்டு நாளா எங்கம்மா இருந்த?"ன்னார் அண்ணன்.

லைசென்ஸ் எடுக்கும்போது நாப்பத்தொண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை கிடைச்சுது.

"சொல்லிக் குடுத்த" தம்பி அப்ப என்ன பண்ணார் தெரியுமா?

ஒரு நாள் அக்காவைப் பாக்க நான் ஸ்கூல் கேட்டுக்குப் போயிருந்தேன். ஸ்கூல் விட்ட நேரம். வேன் நிறைய பிள்ளைங்க. தம்பி வந்து கதவைத் திறந்து அக்கா கையைப் பிடிச்சு இழுக்குறார். "எறங்குட்டி கீழ! பொட்டச்சி ஸ்டியரிங் புடிச்சா எங்களை எவன் மதிப்பான்?"

அக்கா இறங்கல. தம்பி முன்னாடி போய் நின்னு வேன் கண்ணாடியில காறித் துப்பினார்.

அக்கா வைப்பரைப் போட்டாங்க. தலையை வெளிய நீட்டி, "தம்பி, செத்த தள்ளி நில்லு. ரிவர்ஸ் எடுக்கணும்"ன்னாங்க. பிள்ளைங்க எல்லாம் வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் வேன்தான்.

இன்னைக்கு அந்த தம்பி மகன் பெங்களூர்ல இருந்து ஸ்டேட்டஸ் போடுறான்... "எங்க அத்தை ஒரு லேட் ப்ளூமர். பொறுமைக்குக் கிடைச்ச பரிசு." லேட்டா பூத்த பூவாம். கீழ நூறு ஹார்ட்டு. த்தூ.

கிளம்பும்போது தம்பிக்காரர் என்னைப் பிடிச்சுக்கிட்டார். "வாம்மா... நாங்க அக்காவுக்கு எம்புட்டு சப்போர்ட்டா இருந்தோம்னு உனக்கே தெரியும்ல?"

"அன்னைக்கு ஸ்கூல் கேட்டுல நானும் நின்னேன் அண்ணாச்சி"ன்னேன். அவ்வளவுதான்.

ஆள் எந்திரிச்சு உள்ள போயிட்டார்.

அக்கா... கோவம் அடங்கட்டும், பொறவு உக்காந்து உங்களுக்காக அழுறேன். இப்ப நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க.