தெலிமாவின் பதினாறு விநாடி

தெலிமா துர்கோத் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தார். அது மூன்று அடுக்கு மரவீடு. நடு அடுக்கில் நாங்கள், மேலே தெலிமாவும் அவருடைய நாத்தனார் எக்ஸில்டாவும். தெலிமாவின் கணவர் கியூபெக் காட்டில் மரம் வெட்டப் போன இடத்தில், ஒரு பனிக்காலத்தில் இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம் தெலிமா நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு, எல்லை தாண்டி, எங்கள் ஊர் துணி வெளுப்பு ஆலைக்கு வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது நாற்பத்தொன்று.

குள்ளமான உருவம். நடை மட்டும் வேகம். ஞாயிறு பூசைக்கு என் அம்மாவோடு சேர்ந்து கிளம்பினால், கோயில் வாசலில் அம்மாவுக்காகக் காத்து நிற்பார். எங்கள் பங்குச் சாமியார் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "இவர் பிரசங்கம் முடிக்கிறதுக்குள்ள அடுப்புல சூப்பு கரியாயிடும்" என்று தெலிமா முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். அவருக்கென்று இருந்த ஒரே கர்வம் அவருடைய கைகள். குளிர்காலத்தில் ஆட்டுக்கொழுப்பைத் தடவித் துணி சுற்றி அவற்றைப் பாதுகாப்பார். ஆலையில் அவர் அளவுக்குக் கைவேகம் யாருக்கும் இல்லை என்று பேச்சு. ஆனால் அந்த வேகத்தை யாரும் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஆலையின் மடிப்புக்கூடத்தில் ஒரு நீள மேஜை. அதைச் சுற்றி எட்டுப் பெண்கள், எல்லாரும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள். மடித்து வருகிற துணிக்கட்டில் ஆலையின் பெயர்ச் சீட்டை ஒட்டி, நீல ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடவேண்டும். ஒரு கட்டுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. மனதுக்குள் ஜெபத்தைத் தொடங்கும்போது ரிப்பனை எடுப்பார்கள். 'ஆமென்' வரும்போது கட்டு நகர்ந்துவிடும். எட்டுப் பேர் கையும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கும். மேற்பார்வையாளருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். ஏன் அப்படி நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவருக்கு யாரும் சொன்னதுமில்லை.

அந்த வேகம் எக்ஸில்டாவுக்காக வைத்த வேகம். மடிப்புக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் அவர் ஈரக்கூடத்தில், வெளுப்புத் தண்ணீரில் கை வைத்து நின்றவர். விரல் மூட்டுகளெல்லாம் வீங்கிப்போயிருந்தன. அவரால் ஒரு ஜெபத்துக்குள் ஒரு கட்டைக் கட்ட முடியும், அதற்குமேல் முடியாது. ஆகவே மற்ற ஏழு பேரும் அந்த அளவிலேயே கட்டினார்கள். தெலிமாவும்தான்.

1912 இலையுதிர் காலத்தில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மிஸ்டர் வெதரில் வந்தார். வேலையை அளந்து, வீணான அசைவுகளைக் களைந்து, குறைந்த அலுப்பில் அதிக வேலை எடுத்துத் தருகிற ஆலோசகர் அவர். அப்போது ஒவ்வொரு ஆலை முதலாளிக்கும் இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காலி செய்து அவருக்குத் திட்ட அறை என்று கட்டிக் கொடுத்தார்கள். அந்த அறையில் எனக்கு வேலை கிடைத்தது. கன்னியர் பள்ளியில் காலையில் பிரெஞ்சும் பிற்பகலில் ஆங்கிலமும் படித்தவள் நான். வயது பத்தொன்பது. மேஜைப் பெண்களில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்லவேண்டும், செய்முறை அட்டைகளை பிரெஞ்சில் எழுதவேண்டும்.

வெதரில் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தமாட்டார். பெண்கள் நிற்கும்வரை தானும் நிற்பார். வந்த முதல் வாரமே முதலாளியிடம் சொல்லி எட்டு நாற்காலி வரவழைத்தார். பதினைந்து வருடம் நின்றே வேலை செய்த எக்ஸில்டா அதில் உட்கார்ந்து, "இந்த மனுஷனுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்" என்று சொன்னார்.

மூன்று வாரம் கடிகாரம் வைத்து அளந்தார். யாரை அளந்தாலும் ஒரு கட்டுக்குப் பதினாறு விநாடி. இளம்பெண்ணும் பதினாறு, கிழவியும் பதினாறு. வெவ்வேறு உடம்புகள் இப்படி ஒரே கணக்கில் ஓடாது என்று அவர் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பென்சிலைக் கடிப்பார். எனக்குக் காரணம் தெரியும். மேல்மாடிச் சமையலறையில் எத்தனையோ தடவை கேட்டதுதான். நான் பேசாமல் இருந்தேன். கேட்கப்படாததற்குப் பதில் சொல்வது என் வேலையில்லை என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் தெலிமாவைத் தனியாக அழைத்தார். இரண்டு கையிலும் சின்ன மின்விளக்கு பதித்த மோதிரம் மாட்டி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, ஒரு கட்டு கட்டச் சொல்லி நிழற்படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து படம் வந்தது. இருட்டில் வெள்ளைக் கோடுகளாகச் சுழன்றிருந்தது அவர் கை வழி. ஒரு கோணலும் இல்லை. இவ்வளவு சுத்தமான கையைத் தான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றும், வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டக் கற்றுக்கொண்டால் நாட்டிலேயே முதல்தரம் ஆகிவிடலாம் என்றும் வெதரில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

தெலிமாவை அதற்கு முன் யாரும் படம் எடுத்ததில்லை. அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வேகத்தக் கத்துக்கணுமாமா? இது அருள் நிறைந்த மரியேவோட வேகம்டி. எட்டுப் பேருக்கும் பொதுவா வெச்சது. என் கைய இந்த மனுஷன் இன்னும் பாக்கவே இல்ல."

வெதரில் பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஜெபம் எத்தனை வரி, எந்த இடத்தில் முடிச்சு விழும் என்பதையும், அவர் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன். அதற்கு நல்ல ஆங்கிலச் சொற்கள் அகப்பட்டன, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவ்வளவு நீளமான ஆங்கிலத்தில் 'மேரி' என்ற ஒரு சொல் மட்டும்தான் தெலிமாவுக்குப் புரிந்திருக்கும். அது போதுமாக இருந்தது. படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

வெதரில் கோபப்படவில்லை. யோசித்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் திட்ட அறைக்குத் தனியாக வரவழைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று ஆங்கிலத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டே கட்டச் சொன்னார். வாய் எண்ணிக்கொண்டிருக்கும்போது மனதில் ஜெபம் ஓடாது. எண்ணக் கற்றுக்கொடுத்தது நான். தெலிமாவுக்கு ஏழு விநாடி வந்தது. மற்றவர்களுக்கு ஒன்பது, பத்து. எக்ஸில்டாவுக்கு, எண்ணிக்கையும் தடுமாறி, பதினேழு.

இலக்கு பத்து விநாடி என்று எழுதினார்கள். எட்டினால் போனஸ். எக்ஸில்டாவுக்கு வேறு பொருத்தமான வேலை ஆலையில் இல்லை என்று ஓர் அட்டை வந்தது. மரியாதையான அட்டை. பிரெஞ்சில் எழுதியது நான். எக்ஸில்டா எழுந்து போனதும் அந்த நாற்காலியில் ஒட்டுகிற பெயர்ச் சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேலே போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். தெலிமா எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். பட்டாணி சூப்பு. நான் கரண்டியை எடுக்கும்போது எக்ஸில்டா கேட்டார்.

"அண்ணி, ஜெபத்த வெச்சுக் கட்டுறது அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன்" என்றார் தெலிமா.

"எதுக்கு?"

"பெருமைக்குத்தான். என் கை அதவிட வேகம்னு காட்டணும்னு தோணிடுச்சு."

எக்ஸில்டா தன் கைகளை மேஜைமேல் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"வேகம்தான் அண்ணி. ஒத்துக்கிறேன்" என்றார்.

தெலிமா என் பக்கம் திரும்பவே இல்லை. ரொட்டியை வெட்டி நடுவில் வைத்தார். நான் சூப்பைக் குடித்து முடித்தேன். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

அதன்பிறகு மேஜைப் பெண்கள் தெலிமாவோடு பேசுவது குறைந்தது. கோயிலில் அவருக்கு ஒருபக்கம் எக்ஸில்டா இருப்பார், மறுபக்கத்து இடம் காலியாகக் கிடக்கும். என்னிடம் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். முன்பு 'ஏடி ஆல்பெர்த்தின்' என்று கூப்பிட்டவர்கள் 'மிஸ்' என்றும் 'நீங்க' என்றும் பேச ஆரம்பித்தார்கள். ஆபீசில் வேலை செய்கிறேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் வெதரில் பாஸ்டனில் ஆலை முதலாளிகள் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். தட்டச்சு செய்தது நான். தொழிலாளர் தங்களுக்குள் மறைத்து வைக்கிற வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு எங்கள் மேஜைதான் அதில் உதாரணம். நான் அன்று சொன்ன ஆங்கில வாக்கியம் அப்படியே இருந்தது. வசந்தத்துக்குள் ஐந்து ஊர்களிலிருந்து அவருக்கு அழைப்பு. எல்லாம் கியூபெக்கிலிருந்து வந்த எங்கள் ஜனங்கள் வேலை செய்கிற ஊர்கள். வாய்விட்டு எண்ணச் சொல்கிற முறை நன்றாகப் பலன் தருகிறது என்று அந்த ஆலைகள் எழுதிய கடிதங்களைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்தேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் ஓர் எக்ஸில்டா இருந்திருப்பார். பெயர் எனக்குத் தெரியாது.

வெதரில் தெலிமாவைத் தன்னோடு அந்த ஊர்களுக்கு வரச்சொல்லிக் கேட்டார். மற்றப் பெண்களுக்குக் கட்டிக் காட்டுகிற வேலை. இரட்டைச் சம்பளம், ரயில் செலவு, நல்ல விடுதி. தெலிமா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினார். உட்கார்ந்து ரிப்பனை எடுத்தார். அன்றிலிருந்து ஒரு கட்டுக்குப் பதினாறு விநாடி. சுற்றியிருந்தவர்கள் பத்தில் கட்டிக்கொண்டிருக்க, அவர் உதடு அசைய, 'ஆமென்' வரும்வரை முடிச்சைப் போடாமல் பிடித்திருந்தார். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் இப்போது எக்ஸில்டா இல்லை. தெலிமாவின் பெயருக்கு நேரே தினமும் நான் கறுப்புக் கோடு போட்டேன், இலக்கை எட்டாத நாளுக்கு அதுதான் அடையாளம். கோட்டைப் பார்த்து வெதரில் உண்மையாகவே வருத்தப்பட்டார். தெலிமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

ஆறு வாரம் பொறுத்தார்கள். அட்டையை நானே கொண்டுபோகவேண்டி வந்தது. தெலிமாவுக்குப் படிக்கத் தெரியாது.

"படி" என்றார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கு அத்தை."

"எல்லாத்தையும் படி. நீ எதையும் விடுற ஆள் இல்லையே."

தலைப்பிலிருந்து கையெழுத்துவரை படித்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அட்டையை வாங்கி இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியில் செருகிக்கொண்டார். என்னிடம் அவர் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பங்குச் சாமியார் வீட்டில் துணி துவைத்தார். 1918இல் ஊரையே வாரிக்கொண்டுபோன காய்ச்சலில் நான்காம் நாள் இறந்தார். அடக்கத்துக்குக் கூட்டம் சேரக்கூடாது என்று உத்தரவு. பெட்டிக்குப் பின்னால் நாலு பேர்தான் நடந்தோம்.

ஒரு வாரம் கழித்து எக்ஸில்டா என்னை மேலே கூப்பிட்டனுப்பினார். தெலிமாவின் துணிகளைக் கியூபெக்கில் இருக்கிற தங்கைக்கு அனுப்பவேண்டும். பழுப்புத் தாளில் சுற்றி வைத்திருந்தார்.

"மிஸ், நீங்க இதக் கொஞ்சம் கட்டித் தரணும். என் வெரலுக்கு ஆகாது" என்றார்.

கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ரிப்பன் முடிச்சுக்குப் பதினோரு அசைவு என்று அட்டையில் எழுதியவள் நான். என் கையால் ஒருநாளும் கட்டியதில்லை. இழுத்தவுடன் முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினேன், மறுபடி நழுவியது. எக்ஸில்டா பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தபடியே சொன்னேன்.

"அன்னிக்கு வெதரில்கிட்ட சொன்னது நான்தான். அத்தை என்கிட்டதான் சொன்னாங்க. அவர்கிட்ட சொன்னது நான்."

"அண்ணிக்கு இங்கிலீஷ்ல ஒரு ரொட்டி வாங்கத் தெரியாது. வேற யார் சொல்லியிருப்பா?"

நான் நிமிர்ந்தேன்.

"அண்ணி பெருமையில உளறினதும் நீ போய்ச் சொன்னதும் எட்டுப் பேருக்கும் தெரியும்" என்றார் எக்ஸில்டா. "அந்த ஞாயித்துக்கெழமையே தெரியும். நீயா வாயத் தொறக்கிறியான்னு பாத்தேன். நீ சூப்பு குடிச்ச."

கயிறு கையில் தளர்ந்து கிடந்தது. எக்ஸில்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கயிறு குறுக்கிடுகிற இடத்தில் தன் வீங்கிய விரலை வைத்து அழுத்தினார். வலித்திருக்கவேண்டும், முகம் சுருங்கியது.

"இப்பக் கட்டு" என்றார். "மெதுவாக் கட்டு. அவுந்துச்சுன்னா துணியெல்லாம் வழியில போயிடும்."