விற்பனைக்கு ஒரு அமெரிக்கக் கார்

எண்பதுகளில் ஒரு சாரல் நாள். குற்றாலத்தில் ஒரு பங்களா வாசலில் ‘கார் விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, லாரி முதலாளியான என் மச்சான் உள்ளே நுழைந்தார். மெக்கானிக் என்ற முறையில் நானும் போனேன்.

ஒல்லியான பெரியவர் ஒருவர் வந்து, முதலில் எங்கள் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தார். “எண்ண தேச்சுக் குளிச்ச கையோட வண்டியத் தொடப்படாது” என்றார். என்னை மட்டும் இரண்டு தடவை சோப்புப் போட வைத்தார்.

அவர் வீட்டுக் கூடம் நாலு இடத்தில் ஒழுகியது. கார் ஷெட்டில் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டே கதவு, இடது பக்கம் ஸ்டியரிங், படகு நீளம். பழைய கார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவர் சொன்ன விலைக்கு மச்சான் உடனே சரி என்றார்.

பெரியவர் முகம் வாடியது. “வாங்கி என்ன செய்வீய?”

“இதென்ன கேள்வி அண்ணாச்சி? ஓட்டுவேன்.”

“ரோட்டுலயா?” என்று பதறியவர், காரைப் போர்த்தி மூடிவிட்டு எங்களை வெளியே அனுப்பினார். பெண் கேட்டுப் போனவர்களைக்கூட யாரும் இப்படித் துரத்தியதில்லை.

அடுத்த சீசனில் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். பலகையில் புது பெயிண்ட். வாசலில் ஏழெட்டுப் பேர் கையை நீட்டியபடி நிற்க, அவர் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தார்.

நானும் என் கையை ஒருதடவை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.